பூசணிப்பூ நிறத்தில் தண்ணீர்

பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது என்பார்கள். எனக்கு வீட்டு ஞாபகம் வரும். ரயில் நிலையக் கழிப்பறையில் நின்றுகொண்டு, உடனே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று ஏங்கிய மனிதன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தது. உட்கார்ந்தால் நெஞ்சு வரை தண்ணீர் நிற்கும் சிமெண்டுத் தொட்டி. மேலே தகரக் கூரை, சுற்றிலும் தட்டி. மில் முதலாளிகள் வீட்டில் குளிக்கிற தொட்டிகள் இருந்திருக்கலாம். அவர்கள் குளித்து முடித்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடுவார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. நகராட்சிக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். நிரப்பிய தண்ணீர் பதினைந்து நாளாவது அதே தொட்டியில், கெடாமல், நாறாமல், பாசி பிடிக்காமல் இருக்க வேண்டும். அதற்கான வித்தை என் கையில் இருக்கிறது என்று எனக்குப் பெரிய மிதப்பு.

தொட்டி வந்தது என் மனைவியின் காலுக்காக. ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலும் இருக்கையில் பஸ் நகர்ந்துவிட்டது. முழங்கால் சில்லு உடைந்தது. மதுரையில் ஆபரேஷன், இரண்டு மாதம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது காயம் ஆறியிருந்தது, ஆனால் கால் மடங்கவில்லை. நீட்டினது நீட்டினபடி இருந்தது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தினமும் காலையில் அரை மணி நேரம் சூடான தண்ணீருக்குள் உட்கார வேண்டும். தண்ணீருக்குள் கால் கனக்காது, வலியும் குறையும். உள்ளேயே நூறு தடவை மடக்கி நீட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குள் எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவுதான், அதற்கு மேல் மூட்டு இறுகிவிடும். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கதை பேசுகிறவள். அந்த ஆறு மாதத்தை விட்டால் ஆயுளுக்கும் அவளால் அப்படி உட்கார முடியாது.

எனக்கு வேலை ஊர் சுற்றுவது. ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணியும் பஞ்சும் தயாரிக்கிற கம்பெனியில் விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாதத்தில் இருபது நாள் கோட்டயம், திருச்சூர், மங்களூர், ஹூப்ளி என்று சாம்பிள் பையோடு அலைவேன். அதற்கு முன்பு அதே கம்பெனியில் இரண்டு வருஷம் பிளீச்சிங் பகுதியில் இருந்தவன். பழுப்பாக வருகிற துணியைத் தொட்டியில் ஊறப்போட்டு, மருந்து விட்டு, வெள்ளை வெளேர் என்று எடுக்கிற இடம். தண்ணீரில் மருந்து எவ்வளவு நிற்கிறது, காரம் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்ப்பதுதான் அங்கே நாள் முழுக்க வேலை. ஆகவே வீட்டுத் தொட்டி எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

கட்டினவரும் எங்கள் பிளீச்சிங் தொட்டிகளைக் கட்டுகிற கொத்தனார்தான். "என்ன அளவு?" என்று கேட்டார். "நம்ம தொட்டி அளவுதான். நீளத்தை மட்டும் குறைச்சுக்கோங்க" என்றேன். மூன்றடிச் சுவர், உள்ளே வழவழப்பான பூச்சு, தண்ணீர் வடிய மூலையில் சரிவு. இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். தட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் ஊரில் இருக்கும் நாட்களில் காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கிவிடும். தொட்டியிலிருந்து பத்துக் குடம் தண்ணீரை எடுத்து அண்டாவில் கொதிக்க வைத்து, மறுபடியும் தொட்டியிலேயே ஊற்றிக் கலக்குவேன். ஏழு மணிக்குக் கை பொறுக்கிற சூடு வந்துவிடும். பிறகு அவளைத் தூக்கிச் சுவர் விளிம்பில் உட்கார வைத்து, நல்ல காலை முதலில் உள்ளே விட்டு, நீட்டின காலைத் தாங்கிப் பிடித்து மெல்ல இறக்குவேன்.

"நூல் மூட்டையாத் தூக்குறிய? மெல்ல" என்பாள்.

"மூட்டை இம்புட்டுப் பேசாது" என்பேன்.

அவள் மடக்குவாள், நான் எண்ணுவேன். முப்பதுக்கு மேல் வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அறுபதுக்கு மேல் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நூறு சொன்னதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். அந்த அரை மணி நேரம்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நாங்கள் சேர்ந்தாற்போல உட்கார்ந்த நேரம் என்று இப்போது தோன்றுகிறது.

ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் பொட்டலம் மடிப்பேன். எத்தனை நாள் போகிறேனோ அத்தனை பொட்டலம் பிளீச்சிங் பவுடர். ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதியிருப்பேன். பவுடர் இருக்க இருக்க வீரியம் இழந்துவிடும் என்பதால் முதல் நாள் பொட்டலத்தைவிட எட்டாம் நாள் பொட்டலத்தில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இதையெல்லாம் யோசித்துச் செய்கிற புருஷன் எவனுக்கு வாய்ப்பான் என்று எனக்குள்ளேயே நினைத்துக்கொள்வேன். வாளித் தண்ணீரில் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே இருக்கிற தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை படிகாரத்தைத் துணியில் முடிந்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கலங்கலும் படியும், காரமும் இறங்கும். இவ்வளவையும் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு அவளால் செய்ய முடியும். கடைக்குப் போவது, குழாயில் தண்ணீர் பிடிப்பது எல்லாம் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். வீட்டுக்குள் தெலுங்கும் எங்களிடம் தமிழும் பேசுகிற நல்ல மனுஷி.

பொட்டலத்தில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்வேன். ஆறு நாள் என்று சொல்லிவிட்டு ஒன்பது மடித்து வைப்பேன். பாக்கி வசூல், பஸ் ஸ்டிரைக், கேரளத்து மழை என்று ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் சொல்கிற நாளை அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். டப்பாவைத் திறந்து பொட்டலத்தை எண்ணுவாள்.

"ஒம்பது நாளா" என்பாள், அவ்வளவுதான்.

தினமும் தண்ணீரைச் சோதிக்கவும் ஏற்பாடு செய்திருந்தேன். எங்கள் பிளீச்சிங் ஃபோர்மேன் ஒரு சின்னப் பாட்டிலில் மருந்து கொடுத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு விட்டால் நிறம் மாறும். நிறமே வராவிட்டால் தண்ணீர் கெடப் போகிறது. இளமஞ்சள் வந்தால் சரி. மஞ்சள் ஏற ஏற மருந்து கூடுதல். நிறத்தை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுத மாட்டாள். பீர்க்கம்பூ, ஆவாரம்பூ, பூசணிப்பூ என்று எழுதி வைப்பாள். பீர்க்கம்பூ வெளிர் மஞ்சள். ஆவாரம்பூ நல்ல மஞ்சள். பூசணிப்பூ என்றால் செம்மஞ்சள்.

வெளியூரில் எந்த லாட்ஜில் படுத்திருந்தாலும் காலை ஏழு மணிக்கு முன் விழித்துவிடுவேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எண்ணுவேன். இப்போது இறங்கியிருப்பாள். இப்போது பத்து. இப்போது முப்பது, உதட்டைக் கடித்திருப்பாள். ஜன்னலுக்கு வெளியே வேறு பாஷையில் காய்கறிக்காரன் கத்திக்கொண்டு போவான். அறுபது வரும்போது என் கண்ணும் கலங்கிவிடும். அவ்வளவு ஏக்கமாக இருக்கும். எத்தனையோ வருஷம் அலைந்திருக்கிறேன். அந்த ஆறு மாதத்தில் வீட்டுக்காக ஏங்கியதுபோல் நான் எதற்கும் ஏங்கியதில்லை. நூறு வரை எண்ணி முடித்துவிட்டுத்தான் பல் துலக்கப் போவேன்.

கால்தான் சொன்னபடி கேட்கவில்லை. நான் ஊரில் இருக்கும் எட்டு, பத்து நாளில் இரண்டு விரற்கடை அதிகமாக மடங்கும். அளந்து சுவரில் கோடு போட்டு வைப்பேன். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பார்த்தால் பழைய கோட்டுக்கே போயிருக்கும். இப்படியே நாலு மாதம், ஐந்து மாதம் ஓடியது. தண்ணீரில் குறை சொல்ல முடியாது. நான் வரும்போது தொட்டி அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். விறகுகூட அவ்வளவாகக் குறைந்திருக்காது. சிக்கனமாக எரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, நான் இல்லாதப்ப ஒழுங்கா மடக்குறியா இல்லையா? நூறுன்னா நூறு மடக்கணும். ஊரெல்லாம் அலைஞ்சு ஒருத்தன் சம்பாதிக்கான், நீ சுகமா வெந்நியில ஊறிக்கிட்டு இருக்கியா?" என்று கத்தினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மடக்காம என்ன" என்றாள். நான் சாப்பிடாமல் எழுந்து போனேன். அந்த வயதில் எனக்குக் கோபம் வந்தால் சாப்பாட்டின் மேல்தான் காட்டுவேன்.

தண்ணீரில் ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருந்தது. நான் வெளியூரில் இருக்கும் நாட்களில் நோட்டில் பூசணிப்பூ அதிகமாக வந்துகொண்டிருந்தது. மருந்து கூடுகிறது என்று பவுடரைக் குறைத்து மடித்தேன். அப்போதும் பூசணிப்பூதான். இன்னும் குறைத்தேன். இரண்டு நாள் தள்ளி வந்தது, அவ்வளவுதான். இதைக் கேட்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். ஃபோர்மேன் வீடு அங்கேதான்.

அவர் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் எங்கள் கம்பெனிப் பஞ்சையே வைத்துக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். மறு கண்ணிலும் பார்வை குறைவு. "நீயே வாசி" என்றார். வாசித்தேன்.

"நான் ஊர்ல இருந்த நாள் அண்ணாச்சி. பீர்க்கம்பூ, பீர்க்கம்பூ, நிறமே இல்ல, பீர்க்கம்பூ. பொறவு மங்களூர் போனேன். ஆவாரம்பூ, ஆவாரம்பூ, பூசணிப்பூ, பூசணிப்பூ, பூசணிப்பூ."

"ஏலே, திருப்பி வாசி."

திருப்பி வாசித்தேன். அவர் கட்டுப் போடாத கண்ணையும் மூடிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்குத் தோல் உரிஞ்சிருக்கா? அரிப்பு, தடிப்பு?"

"ஒண்ணும் இல்லியே."

"பூசணிப்பூ நிறம் வருத தண்ணியில தெனமும் அரை மணி நேரம் உக்காந்தா தோல் வெந்து போயிரும்டா. நீ ரெண்டு வருஷம் வேலை பார்த்தவன்தான? தொட்டியில துணி போட்டா மருந்து என்னாகும்?"

"துணி குடிச்சிரும்."

"துணி போடலேன்னா?"

தொட்டியில் துணி போடாமல் மருந்தை மட்டும் தினமும் கரைத்து ஊற்றினால் அது குறையாது, நாளுக்கு நாள் ஏறும். சூடு பண்ணாவிட்டால் இன்னும் நன்றாக நிற்கும். பிளீச்சிங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எவனும் தெரிந்துகொள்கிற விஷயம். மனுஷ உடம்புக்கும் அதே கணக்குத்தான்.

"நீ இல்லாத நாள்ல அந்தத் தண்ணியில ஆள் இறங்கலடா" என்றார். பிறகு, "தொட்டிச் சுவரு எம்புட்டு உசரம்?" என்று கேட்டார்.

"நம்ம தொட்டி உசரம்தான் அண்ணாச்சி. மூணடி."

"படி வச்சியா?"

"இல்ல."

"நம்ம தொட்டியில துணிதான இறங்கும். ஆள் நின்னுக்கிட்டு அள்ளுததுக்கு வச்ச உசரம்லா அது" என்றார். திட்டுகிற குரலில்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. காப்பி வரும் வரை இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன். முழங்காலை மடக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் அவள் முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"நான் இல்லாதப்ப நீ தொட்டியில இறங்குறதே இல்லையா?"

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "எப்படி இறங்குறது? என் இடுப்பு உசரத்துக்கு இருக்கு. மொத தடவை நீங்க போனப்ப ஏறிப் பார்த்தேன். விளிம்புல உக்காந்துக்கிட்டு உள்ளயும் இறங்க முடியல, வெளியயும் இறங்க முடியல. அக்கா வந்து தூக்கி விட்டாக. ஈரச் சேலையோட தெனமும் அவியளக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்ல முடியுமா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க ஊருக்குப் போவியளா? போகலேன்னா வேலைய வச்சிருப்பாகளா?" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அம்புட்டு ஆசையா அந்தத் தொட்டியக் கட்டுனிய. வாரவுக போறவுகளுக்கெல்லாம் காட்டுனிய. படி இல்லேன்னு எப்படிச் சொல்ல?"

"அப்ப பொட்டலம்?"

"தெனம் ஒண்ணு பிரிச்சுக் கரைச்சு ஊத்துவேன். நீங்க வரும்போது தண்ணி நல்லா இருக்கணும்ல. ஊத்திட்டு முக்காலியப் போட்டு, கைய மட்டும் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஏழு மணிக்கு நீங்க எண்ணுவியன்னு சொல்லியிருக்கியல்லா. நானும் நூறு வரைக்கும் எண்ணிட்டுத்தான் எந்திரிப்பேன்."

அவளிடம் கத்திய நாள் ஞாபகம் வந்தது. பச்சைத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, சுகமாக வெந்நீரில் ஊறுகிறாயா என்று கேட்டிருக்கிறேன். அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் அவள் அழுதாளா இல்லையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் கொத்தனாரைக் கூட்டிவந்தேன். சுவரை இடித்து ஒன்றரை அடியாக்கி, தரையைத் தோண்டித் தொட்டியைக் கீழே இறக்கி, வெளியே ஒன்றும் உள்ளே இரண்டுமாகப் படி வைத்து, பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாயையும் பதித்தோம். "படி வேணும்னு மொதல்லயே சொல்லியிருந்தா வச்சிருப்பேன்" என்றார் கொத்தனார். அவரையும் திட்ட முடியவில்லை. பூச்சு காய்ந்து தண்ணீர் நிரப்பிய அன்று என்னைத் தட்டிக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தானே இறங்கினாள். குழாயைப் பிடிக்கிற சத்தம், தண்ணீர் அலம்புகிற சத்தம், பிறகு ஒன்று, இரண்டு என்று அவள் குரல்.

மாவுக்கட்டைப் பிரித்து அன்றைக்கு ஆறு மாதமும் பதினோரு நாளும் ஆகியிருந்தது.

கம்பெனியில் கெஞ்சி ஒரு மாதம் ஊரிலேயே இருந்தேன். தினமும் நூறு, பிறகு இருநூறு. நாற்காலியில் உட்காருகிற அளவுக்குக் கால் மடங்கியது. அதற்கு மேல் மடங்கவில்லை. மதுரை டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, போதும் என்றார். இரண்டு வருஷம் கழித்துத் தொட்டியில் துணி துவைக்கத் தொடங்கினோம். அவள் அதற்குப் பிறகு தரையில் உட்கார்ந்ததே இல்லை. பந்தியில் அவளுக்கு மட்டும் தனியாக ஒரு நாற்காலி போடுவார்கள். பக்கத்தில் நானும் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துகொள்வேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனி என்னைக் கொச்சியில் ஒரு கூட்டத்துக்கு அனுப்பியது. பெரிய ஓட்டல். மொட்டை மாடியில் வட்டமாக ஒரு வெந்நீர்த் தொட்டி, தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. தூரத்திலேயே வாசனை வந்துவிட்டது. ஒரு பையன் கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தான். பீர்க்கம்பூ. அப்போது காலை மணி ஏழு. நான் ஓரத்தில் குத்த வைத்து உட்கார்ந்து கையைத் தண்ணீருக்குள் விட்டேன். நூறு வரை எண்ணினேன். அந்தப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். நம்மிடம் இருந்தது போலவே வெந்நீர்த் தொட்டி, ஆனால் தண்ணீர் தானாகச் சூடாகிறது, தானாகச் சுற்றுகிறது, பதினைந்து பேர் உட்காரலாம் என்று அளந்துகொண்டே போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"படி வச்சிருந்தாகளா?" என்றாள்.

"மூணு படி. கைப்பிடியும் இருந்துச்சு."

"நல்லது" என்று சொல்லிவிட்டு முறத்தைப் புடைத்தாள்.